247 காசோலைகள்: ஈராக்கின் அரசுப் பணம் போன வழி

கேள்வி இது: "போர் நடந்த நாடுகளில் இத்தனை ஆயிரம் கோடி அரசுப் பணத்தைக் காணோம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. அவ்வளவு பணம் எப்படிப் போகும்? மூட்டை கட்டியா தூக்கிக்கொண்டு போவார்கள்? நாட்டில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கவனித்தார்கள். எனக்கு ஓரளவு நன்றாகத் தெரிந்த ஈராக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2003-க்குப் பிறகு அங்கே நடந்த பெரிய கொள்ளைகளை யாராவது ஒருவர் கண்டுபிடித்து, எழுதி, மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். சில சமயம் பணம் போய்க்கொண்டிருக்கும்போதே அனுப்பியிருக்கிறார். நான் பல வருடம் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்தவன். ஒரு கையாடல் என்றால் எடுத்தவன் யார் என்று கேட்பதற்கு முன்னால், அந்த பில்லில் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கே போனார் என்றுதான் பார்க்கத் தோன்றும். ஈராக்கில் அதற்குப் பதில் தெளிவாகவே கிடைக்கிறது. அவரை வெளியே அனுப்பினார்கள். பெரும்பாலும் அதற்குக் கேட்க நியாயமாகத் தோன்றும் ஒரு காரணமும் சொன்னார்கள்.

மூட்டை விஷயத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட மூட்டைதான்.

2003 ஏப்ரலில் அமெரிக்கப் படையெடுப்பில் சதாம் உசேன் ஆட்சி விழுந்தது. வங்கிகள் சூறையாடப்பட்டன, அமைச்சகக் கட்டடங்கள் பல எரிந்துபோயின. நாட்டை நடத்த அமெரிக்கா ஒரு இடைக்கால நிர்வாகத்தை அமைத்து பால் பிரெமரைத் தலைவராக உட்கார வைத்தது. ஆசிரியருக்கும் போலீஸ்காரருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், வங்கி வழியாகக் கொடுக்க வழியில்லை. எனவே 2003 மே முதல் 2004 ஜூன் வரை, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து டாலர் கட்டுகளைப் பிளாஸ்டிக் உறையால் இறுகச் சுற்றி, சரக்கு ஏற்றும் பலகைகளில் அடுக்கி, ராணுவ விமானத்தில் பாக்தாத்துக்கு அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 1,200 கோடி டாலர். நோட்டு எண்ணிக்கை 28 கோடி, எடை 363 டன். ஆட்சிப் பொறுப்பை ஈராக்கியர்களிடம் ஒப்படைப்பதற்குச் சில நாள் முன்பு, 2004 ஜூனில், ஒரே தவணையில் 240 கோடி டாலர் வந்து இறங்கியது. அந்த வங்கியின் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய ரொக்கத் தவணை அதற்கு முன் போனதில்லை.

இதை அமெரிக்க உதவிப் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஈராக் எண்ணெய் விற்ற காசு, ஐ.நா.வின் 'எண்ணெய்க்கு உணவு' திட்டத்தில் மிஞ்சியது, வெளிநாடுகளில் முடக்கப்பட்டிருந்த சதாம் அரசின் சொத்து, இவை மூன்றையும் சேர்த்து ஈராக் மேம்பாட்டு நிதி என்று ஒரு கணக்கு திறந்தார்கள். 2003 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1483-ஆம் தீர்மானம் அந்த நிதியை ஈராக்கிய மக்களின் நலனுக்காக, வெளிப்படையாகச் செலவழிக்க வேண்டும் என்று சொன்னது. விமானத்தில் வந்தது முழுக்க ஈராக்கிய மக்களின் பணம்.

அந்தப் பணத்தைத் தணிக்கை செய்ய அமெரிக்கா நியமித்த அதிகாரி ஸ்டூவர்ட் போவன். 2005 ஜனவரியில் அவருடைய அறிக்கை வந்தது. ஈராக்கிய அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலர் சரியாகத்தான் செலவானதா என்று உறுதி செய்யப் போதிய கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை என்றது அது. அதில் ஒரு சிறு விவரத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு இடத்தில் காவலாளிகள் சம்பளப் பட்டியலில் 8,206 பெயர். ஆள் இருக்கிறார் என்று உறுதி செய்ய முடிந்தது 602 பேரை மட்டும். மஸ்டர் ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பட்டியல், பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பிரெமர் தரப்பு சொன்ன சமாதானம்: சண்டை நடக்கும் நாட்டில், கணினியும் வங்கியும் இல்லாத இடத்தில், மேற்கத்திய கணக்கியல் தரத்தை எதிர்பார்க்க முடியாது, சம்பளம் தாமதித்தால் ஊர் பற்றி எரியும். இதில் பாதி உண்மை. சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஆனால் ஆள் தலையை எண்ணிப் பார்க்கக் கணினி வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். அவசரம் என்ற காரணத்துக்காகப் பணம் கொடுப்பதை ஒத்துக்கொள்ளலாம். கொடுத்த பிறகு ஆறு மாதம் கழித்தும் பட்டியலைச் சரிபார்க்காமல் இருப்பதற்கு அவசரம் காரணமாகாது.

ஹில்லா நகரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பழைய பாபிலோனுக்குப் பக்கத்து ஊர். அங்கே தென்மத்தியப் பகுதிக்கான 8.2 கோடி டாலருக்குக் கணக்கு அதிகாரியாக ராபர்ட் ஸ்டைன் என்ற அமெரிக்கரை வைத்தார்கள். அவர் ஏற்கெனவே 1990-களில் மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர். பெட்டகச் சாவியை அவரிடமே கொடுத்தார்கள். ஃபிலிப் புளூம் என்ற ஒப்பந்ததாரர் பல நிறுவனப் பெயர்களில் டெண்டர் போடுவார், எல்லாம் அவருடையதே. போலீஸ் பயிற்சிக் கூடம், கர்பலா நூலகம் என்று 86 லட்சம் டாலருக்கும் மேலான ஒப்பந்தங்கள் அவருக்கே போயின. பதிலுக்கு ஸ்டைனுக்கும் சில ராணுவ அதிகாரிகளுக்கும் ரொக்கம், கார், நகை. 2007-இல் ஸ்டைனுக்கு ஒன்பது வருடச் சிறை கிடைத்தது. இந்த வழக்குகூட போவனின் தணிக்கை ஆட்கள் நேரில் போய்க் கட்டடத்தைப் பார்த்ததால் வெளிவந்ததுதான்.

அப்புறம் ஈராக்கிய அமைச்சர்களின் முறை வந்தது. 2004-05 இடைக்கால அரசில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஹாசிம் ஷாலான். அவர் காலத்தில் ஆயுதக் கொள்முதல் என்று 100 கோடி டாலருக்கு மேல் போனது. இடைத்தரகர் வழியாக ஒப்பந்தம், சரக்கு வரும் முன்பே பணம், வந்தவற்றில் காலாவதியான சோவியத் கால ஹெலிகாப்டர்களும் உண்டு. ஷாலான் குற்றச்சாட்டை மறுத்தார், நாட்டுக்குத் திரும்பவில்லை. மின்துறை அமைச்சராக இருந்த அய்ஹம் சாமர்ராயி 2006-இல் தண்டிக்கப்பட்டு, அந்த வருடக் கடைசியில் பாக்தாத்தின் பாதுகாக்கப்பட்ட பச்சை மண்டலத்துச் சிறையிலிருந்தே தப்பி, அமெரிக்காவில் போய்ச் சேர்ந்தார். ஈராக்கிலும் ரேஷன் அட்டை உண்டு. 1990 முதல் மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெய், தேயிலை அதில்தான் வருகிறது. அந்த ரேஷனைக் கையில் வைத்திருந்த வர்த்தக அமைச்சர் அப்துல் ஃபலாஹ் அல்-சுதானி 2009 மே மாதம் ஊழல் புகாரில் பதவி விலகினார். அதே மாதக் கடைசியில் அவர் ஏறிப் போன விமானத்தையே பாக்தாத்துக்குத் திருப்பி வரவழைத்துக் கைது செய்தார்கள்.

தனித்தனி ஆட்களின் பேராசை என்று இதைப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. 2003-க்குப் பிறகு ஈராக்கில் ஒவ்வொரு அரசும் பங்கீட்டு முறையில் அமைகிறது. ஷியா, சுன்னி, குர்து என்று தொடங்கி, நடைமுறையில் ஒவ்வொரு கட்சிக்கும் இத்தனை அமைச்சகம் என்று முடிகிறது. அமைச்சர் பதவியைவிட முக்கியம் அதற்குக் கீழே இருக்கும் தலைமை இயக்குநர் பதவிகள். டெண்டர் அவர்கள் மேசையில்தான் முடிவாகும். அமைச்சர் மாறுவார், அவர்கள் மாற மாட்டார்கள். கட்சிகளுக்குப் பொருளாதாரக் குழு என்றே தனியாக உண்டு, அமைச்சக ஒப்பந்தத்தில் கட்சிக்கு வர வேண்டியதை வாங்குவது அதன் வேலை. ஒரு கட்சி இன்னொரு கட்சியின் துறையைத் தோண்டினால் நாளைக்குத் தன் துறையையும் தோண்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லாமலே போனது. அரசின் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது, மக்களின் வரியிலிருந்து அல்ல. எனவே மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு இல்லை.

சரி, கண்காணிக்க அமைப்பே வைக்கவில்லையா என்றால், வைத்தார்கள். 2004-இல் ஒரு நேர்மை ஆணையம் உருவானது. தலைவர் நீதிபதி ராதி ஹம்சா அல்-ராதி, சதாம் காலத்தில் சிறையும் சித்திரவதையும் கண்டவர். அவர் கையைக் கட்டிப்போட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 136-ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு. ஒரு அமைச்சகத்து ஊழியர்மேல் அலுவல் தொடர்பாக வழக்கு நடத்த வேண்டுமென்றால் அந்த அமைச்சரே அனுமதி தர வேண்டும். கட்சிக்காக வசூல் செய்து கொடுக்கும் அதிகாரியை எந்த அமைச்சர் காட்டிக்கொடுப்பார்? அனுமதி மறுக்கப்பட்டு வழக்கு மேல் வழக்காக மூடப்பட்டது. 2007 அக்டோபரில் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார். ஊழலில் போன தொகை 1,800 கோடி டாலர் வரை இருக்கும் என்றார். தன் ஆணையத்து ஊழியர்கள் 31 பேர் கொல்லப்பட்டதாகச் சொன்னார், அவர்களின் குடும்பத்தினரையும் விட்டுவைக்கவில்லை. அவர் ஈராக்குக்குத் திரும்பிப் போகவே முடியவில்லை. அந்த உட்பிரிவு 2011-இல்தான் நீக்கப்பட்டது. யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டீர்கள் அல்லவா? கவனித்தவர்கள் 31 பேரின் நிலை இது.

பணம் போனதால் என்ன ஆனது என்று பார்க்க மொசூலுக்குப் போக வேண்டும். 2014 ஜூன் 10 அன்று ஈராக்கின் இரண்டாவது பெரிய நகரமான மொசூல் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்தது. தாக்க வந்தவர்களைவிட ராணுவமும் போலீஸும் பல மடங்கு அதிகம், காகிதத்தில். அந்தப் பகுதியின் தளபதியாக இருந்த மஹ்தி கர்ராவி பின்னர் சொன்ன கணக்குப்படி, பட்டியலில் ஏறக்குறைய 25,000 பேர், நேரில் இருந்தவர்கள் அதிகபட்சம் 10,000. மற்றவர்கள்? சிப்பாய் தன் சம்பளத்தில் பாதியை மேலதிகாரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பார், அல்லது டாக்ஸி ஓட்டுவார். செத்தவர் பெயரும், ஓடிப்போனவர் பெயரும் பட்டியலில் அப்படியே இருக்கும். சாப்பாட்டுப் படியும் துப்பாக்கியும் பெட்ரோலும் முழு எண்ணிக்கைக்கும் வாங்கப்படும். அதே வருடம் நவம்பர் 30 அன்று புதிய பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் நான்கு டிவிஷன்களில் மட்டும் 50,000 போலிச் சிப்பாய்கள் இருந்ததாக அறிவித்தார். மாதம் 600 டாலர் என்று வைத்தால்கூட வருடத்துக்கு 36 கோடி டாலர். ஆனால் இங்கே தொகை பெரிதல்ல. காவலாளிப் பட்டியலில் 8,206-க்கு 602 என்று 2005-இல் எழுதி வைத்ததை அப்போதே சரி செய்திருந்தால், அந்தப் பழக்கம் ராணுவத்துக்குள் இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்காது. மொசூலை மீட்க 2017 ஜூலை வரை ஆனது. பழைய நகரத்தில் பெரும்பகுதி இடிபாடாகிவிட்டது.

இன்னொன்று, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஊழல். ஏடிஇ 651 என்று ஒரு கருவி. துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதன் முனையில் கீல் வைத்து ஆடும் ஒரு ஆன்டெனா. பேட்டரி கிடையாது. உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவும் கிடையாது. கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று விற்ற ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து வளர்ந்தது அது. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர் இதை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று விற்றார். ஈராக் அரசு பல கோடி டாலர் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்கி, பாக்தாத் சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் கையில் கொடுத்தது. கார் வந்து நின்றதும் சிப்பாய் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார், கம்பி ஆடினால் குண்டு இருக்கிறது என்று அர்த்தம். கம்பி ஆடுவது கை சாய்வதைப் பொறுத்தது. வாங்கியதில் லஞ்சம் கைமாறியதற்காக ஈராக்கிய ஜெனரல் ஜிஹாத் அல்-ஜாபிரி சிறைக்குப் போனார். மெக்கார்மிக்குக்கு 2013-இல் லண்டனில் பத்து வருடம். அதோடு முடிந்ததா? கருவி சாவடியிலேயே இருந்தது. 2016 ஜூலை 3 அன்று பாக்தாத்தின் கர்ராதா கடைத்தெருவில் ரம்ஜான் இரவில் வெடித்த குண்டில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாச் சாவடிகளிலிருந்தும் அதை எடுக்கச் சொல்லிப் பிரதமர் உத்தரவு போட்டார். விற்றவன் மோசடிக்காரன் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி மூன்று வருடம் கழித்து. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

தலைப்பில் சொன்ன காசோலைகள் இனி. ஈராக்கியர்கள் 'நூற்றாண்டின் திருட்டு' என்று அழைக்கும் இந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழு முறையும் இதற்குள் இருக்கிறது.

ஈராக்கில் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள், குறிப்பாக எண்ணெய்த் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டு நிறுவனங்கள், வரிக்கு ஈடாக ஒரு வைப்புத்தொகை கட்ட வேண்டும். வேலை முடிந்து வரிக் கணக்கைத் தீர்த்த பிறகு மீதியைத் திரும்பக் கேட்கலாம். நடைமுறை அவ்வளவு சிக்கல் என்பதால் பலர் கேட்பதே இல்லை. இப்படி அரசுக்குச் சொந்தமான ரஃபிதைன் வங்கியில் வரி ஆணையத்தின் கணக்கில் பெரும்பணம் சேர்ந்து கிடந்தது. உரிமையாளர் தேடி வராத பணம் ஒரு அலுவலகத்தில் தூங்குகிறது என்றால் தணிக்கைக்காரன் முதலில் அங்கேதான் மோப்பம் பிடிப்பான். திருடனும் அங்கேதான் பிடிப்பான்.

அதற்கு ஒரு தடுப்பு இருந்தது. திருப்பித் தரும் ஒவ்வொரு தொகையையும் கொடுப்பதற்கு முன்பே நாட்டின் உயர் தணிக்கை வாரியம் சரிபார்க்க வேண்டும். முன் தணிக்கை என்பது இதுதான். 2021-இல் இந்த நிபந்தனை எடுக்கப்பட்டது. தாமதமாகிறது, நிறுவனங்கள் புகார் செய்கின்றன என்பது சொன்ன காரணம். நிபந்தனை போன கையோடு, 2021 செப்டம்பரில் முதல் காசோலை எழுதப்பட்டது. 2022 ஆகஸ்ட் வரை 247 காசோலைகள், ஐந்து நிறுவனங்கள். அவற்றில் ஒன்றின் பெயருக்குக் 'கூன்முதுகுத் திமிங்கலம்' என்று பொருள். சில நிறுவனங்கள் அதற்குச் சற்று முன்புதான் பதிவானவை. வைப்புத்தொகை கட்டிய உண்மையான நிறுவனங்களின் சார்பில் வந்ததாகப் போலி அதிகாரப் பத்திரம் காட்டி இவை பணத்தை வாங்கின. மொத்தம் 3.7 லட்சம் கோடி தினார், 250 கோடி டாலர். சராசரியாக ஒரு காசோலைக்கு ஒரு கோடி டாலர். பெரும்பகுதி ரொக்கமாக எடுக்கப்பட்டது. ஈராக்கின் மிகப் பெரிய நோட்டு 50,000 தினார். முழுத் தொகையையும் அந்த நோட்டாகவே எண்ணினாலும் 7.4 கோடி நோட்டு வரும். அதை ஒரு வங்கியிலிருந்து ஒரு வருடமாக வண்டி வண்டியாக ஏற்றுவதைக் காசாளர் பார்த்திருப்பார், வாசல் காவலர் பார்த்திருப்பார், வண்டி ஓட்டியவர் பார்த்திருப்பார்.

அந்தச் சமயத்தில் நிதி அமைச்சர் அலி அல்லாவி. 2005-இல் ஷாலான் காலத்து ஆயுதக் கொள்முதலை உலகின் மிகப் பெரிய திருட்டுகளில் ஒன்று என்று பகிரங்கமாகச் சொன்ன அதே மனிதர். அப்போதும் நிதி அமைச்சர் அவரே. தன் ஒப்புதல் இல்லாமல் அந்தக் கணக்கிலிருந்து பணம் கொடுக்கக் கூடாது என்று 2021 நவம்பரில் உத்தரவிட்டதாக அவர் தரப்பு சொல்கிறது. உத்தரவு காற்றில் போனது. 2022 ஆகஸ்டில் அரசின் ஊழலைக் கடுமையாகச் சாடி நீண்ட கடிதம் எழுதிவிட்டு அவர் பதவி விலகினார். 2023-இல் இதே வழக்கில் அவர்மேலும் பிடியாணை வந்தது, அவர் மறுக்கிறார். அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு நிதி அமைச்சரின் எழுத்து உத்தரவைத் தன் கீழுள்ள வரி அலுவலகமே மதிக்காது என்றால், அந்த அலுவலகம் வேறு யாருக்கோ பதில் சொல்கிறது. பங்கீட்டு முறையின் சாரமே இதுதான்.

விஷயம் 2022 அக்டோபரில் வெளியே வந்தது. அந்த மாதமே முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட தொழிலதிபர் நூர் ஸுஹைர், தனி விமானத்தில் கிளம்பும்போது பாக்தாத் விமான நிலையத்தில் பிடிபட்டார். நவம்பரில் புதிய பிரதமர் முகமது ஷியா அல்-சுதானி (முன்னால் சொன்ன வர்த்தக அமைச்சர் அல்ல, வேறொருவர்), மீட்ட பணம் என்று நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்து அதன் பக்கத்தில் நின்று பேசினார். அது 18,200 கோடி தினார், போனதில் ஏறக்குறைய 5 சதவீதம். மீதியைத் தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டதன் பேரில் நூர் ஸுஹைர் ஜாமீனில் விடப்பட்டார். 2024-இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவர் நாட்டில் இல்லை. அவர் இல்லாமலேயே பத்து வருடச் சிறை விதித்தார்கள்.

இதை விடப் பெரிய ஓட்டையாக இருந்தது மத்திய வங்கியின் அன்றாட டாலர் விற்பனை என்பது என் அபிப்பிராயம். எண்ணெய்க் காசு இன்றைக்கும் நியூயார்க் கணக்கில்தான் விழுகிறது. ஈராக் மத்திய வங்கி 2024 கடைசி வரை அந்த டாலரைத் தனியார் வங்கிகளுக்கு இறக்குமதிக்கென்று தினமும் விற்றுவந்தது. இறக்குமதி பில் போலியாக இருந்தால், அதிகாரபூர்வ விலையில் வாங்கிய டாலர் வெளியே போய்விடும், வெளிச்சந்தை விலையோடு உள்ள வித்தியாசம் லாபம். 2017-இல் ஈரானிலிருந்து 166 கோடி டாலருக்குத் தக்காளி வாங்கியதாக ஆவணம் காட்டியது. அவ்வளவு தக்காளியை ஈராக்கால் தின்றே தீர்க்க முடியாது. 2022 கடைசியில் அமெரிக்கத் தரப்பு பில்களைச் சரிபார்க்கத் தொடங்கியதும், டாலர் பரிமாற்றம் சட்டென்று படுத்தது, தினாரின் வெளிச்சந்தை மதிப்பும் சரிந்தது. அதுவரை போனதில் எவ்வளவு பொய் என்பதை அந்தச் சரிவே காட்டிக்கொடுத்தது.

இந்தப் பணம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், ஒரு பாக்தாத் தெருவைச் சொல்கிறேன். கோடையில் வெயில் 50 டிகிரியைத் தொடும். அரசு மின்சாரம் சில மணி நேரம் வரும், போகும். அதனால் தெருவுக்குத் தெரு தனியார் ஜெனரேட்டர்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இத்தனை ஆம்பியர் என்று மாதச் சந்தா கட்ட வேண்டும். ஏழை வீட்டில் இரண்டு மூன்று ஆம்பியர்: ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ். ஏசி போட்டால் ஃபியூஸ் போய்விடும். கம்பத்தில் தொங்கும் கம்பிச் சிக்கலில் எந்தக் கம்பி யார் வீட்டுக்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். 2003-க்குப் பிறகு மின்துறைக்குப் பல ஆயிரம் கோடி டாலர் ஒதுக்கிய நாடு இது. நாட்டின் எண்ணெயில் பெரும்பகுதியைத் தரும் பாஸ்ராவில் 2018 கோடையில் குழாய்த் தண்ணீர் குடித்து 1,18,000 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2019 அக்டோபரில் இளைஞர்கள் பாக்தாத் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்டபோது கேட்டது இதைத்தான்: நம் பங்கு எங்கே? அடிபட்டவர்களை ஆட்டோக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். 500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த அக்டோபரிலேயே, ஒவ்வொரு அமைச்சகத்திலும் இருந்த தலைமை ஆய்வாளர் அலுவலகங்களை நாடாளுமன்றம் கலைத்தது. அந்த அலுவலகங்களே ஊழலில் ஊறிவிட்டன என்பது காரணம். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் சரி செய்து வேறொன்றை அந்த இடத்தில் வைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தவைதான் அந்த 247 காசோலைகள்.

பணம் திரும்ப வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2021-இல் அன்றைய குடியரசுத் தலைவர் பர்ஹாம் சாலிஹ், 2003 முதல் 15,000 கோடி டாலர் நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டதாகச் சொல்லி, அதை மீட்க ஒரு சட்ட முன்வடிவும் அனுப்பினார். பெரிதாக எதுவும் நகரவில்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தைத் திருத்தியது. அரசுப் பணத்தைக் கையாடியவர் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டினால் மன்னிப்புப் பெற வழி வைத்திருக்கிறார்கள். ஆளைச் சிறையில் வைத்துச் சோறு போடுவதைவிடப் பணம் வந்தால் போதாதா என்று வாதாடுகிறார்கள். எனக்கு இது ஏற்பில்லை. திருப்பிக் கட்ட வேண்டியது வழக்கில் நிரூபிக்கப்பட்ட தொகை மட்டுமே. அதை நிரூபிக்கப் பணம் கொடுத்த நேரத்தில் எழுதிய தணிக்கைக் குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பை எழுத வேண்டியவரை முதலிலேயே வெளியே அனுப்பிவிட்டு நடந்த செலவுகள் இவை. 8,206 பேர் பட்டியலில் 602 பேரை மட்டும் உறுதி செய்ய முடிந்தது என்று எழுதி இருபது வருடமாகிவிட்டது. மீதி 7,604 பெயர்களுக்குச் சம்பளம் வாங்கியவர் யார் என்பதை இனி எந்த நீதிமன்றமும் நிரூபிக்கப் போவதில்லை. அந்தப் பணத்துக்கு மன்னிப்புக்கூடத் தேவைப்படாது.